“எனக்கி ஒண்டுமில்ல மகன்”: நம்மட மூத்தவர்களும் கொள்ளைநோய்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லை, இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

நம்மட ஊரில் வயதுபோன ஒருவரிடம் “எப்பிடி, சுகமா?” என்று கேட்டுப் பாருங்கள். “அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம்” என்றுதான் பதில் வரும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறவரும் அதைத்தான் சொல்வார். மூன்று வகைக் குளிசை எடுக்கிறவரும் அதைத்தான் சொல்வார். அது பொய் இல்லை. ஒரு முஸ்லிம் தன் ரப்புக்கு நன்றி சொல்லும் வார்த்தை அது. ஆனால் அதையே நாம் ஒரு வைத்திய அறிக்கையாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும்? மூத்தவர்களும் தங்களைப் பற்றி அப்படியே நம்பிவிட்டால், ஒரு கொள்ளைநோய் வருகிறபோது என்ன நடக்கும்?

கொரோனாக் காலத்தை நாம் மறந்துகொண்டு வருகிறோம். இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளிடம் அந்த நாட்களைக் கேட்டால் முகக்கவசம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அதனால் எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தேன். இது கொஞ்சம் நாட்டின் வரலாறு, கொஞ்சம் எங்கள் வீட்டு வரலாறு.

எங்கள் மூத்தாப்பா, உம்மாட வாப்பா, 1943 இல் பிறந்தவர். வயல்காரர். ஒரு நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததில்லை என்பது அவருடைய பெருமை. சின்ன வயதில் முறைக்காய்ச்சல் வந்து, பாயோடு போர்வையையும் சுற்றிக்கொண்டு நடுங்கியதைக் கதை கதையாகச் சொல்வார். வீடு வீடாக டி.டி.டி. அடிக்க வந்தவர்களை, சுவரில் வெள்ளையாகப் படிந்த மருந்தை, அந்த மணத்தையெல்லாம் சொல்வார். 1978 நவம்பர் 23 சூறாவளி இரவில் கூரை பறந்தபோது பிள்ளைகளை நெல் மூட்டைகளுக்கு இடையில் படுக்க வைத்தவர். 1990 இல் ஊரே உறங்காத இரவுகளில் பள்ளிவாசல் முற்றத்தில் காவல் இருந்தவர். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது அவருக்கு 61 வயது. ஓடித் தப்பியது மட்டுமல்ல, அடுத்த வீட்டுப் பிள்ளை ஒன்றையும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் 2020 மார்ச்சில் தொலைக்காட்சி வந்து, “60 வயதுக்கு மேற்பட்டோர் ஆபத்தில் இருக்கிறார்கள்” என்று சொன்னது. அவர் அதை ஓர் எச்சரிக்கையாகக் கேட்கவில்லை. தன்னை ஒரே இரவில் கிழவனாக்கிவிட்டார்கள் என்றுதான் கேட்டார்.

“சூறாவளியில சாகல்ல, சுனாமியில சாகல்ல, இந்தத் தடுமலிலயா சாகப்போறன்? எனக்கி ஒண்டுமில்ல மகன். நீங்க பிள்ளையளப் பாருங்க.”

நான் அப்போது அவருக்குப் பாடம் நடத்தினேன். வைரஸ் என்றால் என்ன, நுரையீரலில் என்ன செய்யும் என்றெல்லாம் கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுக் கடைக்குப் போனார். முகக்கவசம் சட்டைப் பைக்குள் இருந்தது. பொலிஸ் சந்தியைக் கடக்கும்போது மட்டும் அது முகத்துக்கு வரும்.

அவர் பிடிவாதக்காரர், படிக்காதவர், அதனால் கேட்கவில்லை என்று அந்த நேரம் நினைத்தேன். அது பிழை என்று விளங்க எனக்கு அதிக காலம் எடுத்தது.

கலாசாலையில் படித்த நாட்களில் கல்வி உளவியலோடு சேர்த்து வாசித்த ஒரு விஷயம் பிறகுதான் ஞாபகம் வந்தது. 1950 களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டிகளை மக்களின் குடியிருப்புகளுக்கே அனுப்பினார்கள். காசு இல்லை, தூரம் இல்லை. அப்படியிருந்தும் பலர் வரவில்லை. ஏன் என்று அந்நாட்டுச் சுகாதார சேவையில் இருந்த ஹொச்பாம் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். தனக்கும் இந்த நோய் வரலாம், நேரத்தோடு கண்டுபிடித்தால் நன்மை உண்டு என்று நம்பியவர்களில் 82 வீதமானோர் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இந்த இரண்டையும் நம்பாதவர்களில் 21 வீதமானோர்தான் எடுத்திருந்தார்கள். நோய் பயங்கரமானது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் “அது எனக்கு வரும்” என்று நினைப்பது வேறு விஷயம். அந்த நினைப்பு இல்லாதவனுக்கு வண்டி வாசலில் வந்து நின்றாலும் அது அடுத்த வீட்டுக்காரனுக்கு வந்த வண்டிதான்.

இன்னொரு ஆய்வு 1982 இல் வந்தது. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் “உங்கள் வயதுக்கு உங்கள் உடல்நிலை எப்படி?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, பிறகு அவர்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். மோசம் என்று சொன்னவர்கள், மிக நன்று என்று சொன்னவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக ஆரம்ப ஆண்டுகளிலேயே இறந்திருந்தார்கள். வைத்தியப் பதிவேடுகளை வைத்துக் கணித்ததைவிட, அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வார்த்தை நன்றாகக் கணித்தது. அதற்குப் பிறகு பல நாடுகளில் இதே மாதிரியான முடிவுகள் வந்தன.

ஆகவே மூத்தவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிச் சொல்வதை நாம் அலட்சியப்படுத்தக் கூடாது. அந்த உடம்போடு எழுபது வருடம் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உடம்புக்குத் தெரிந்தது, அது ஏற்கெனவே கண்டது மட்டும்தான். முறைக்காய்ச்சலைக் கண்ட உடம்புக்கு முறைக்காய்ச்சல் தெரியும். நேற்றுப் புதிதாக வந்த கிருமியை எந்த உடம்பும் கண்டதில்லை. பழைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் புதிய கடனைச் சொல்ல முடியாது.

நம் நாட்டின் வரலாறே இதற்குச் சாட்சி. மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, 1918. முதலாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில் உலகம் முழுக்கப் பரவிய இன்ஃபுளுவென்சா இலங்கைக்கும் வந்தது. 1918 இன் கடைசியிலும் 1919 இன் ஆரம்பத்திலும் இரண்டு தடவை உச்சத்துக்குப் போனது. சனத்தொகைக் கணக்குகளை வைத்து அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் மதிப்பிட்டபோது, இலங்கை இழந்தது சுமார் 3 இலட்சம் பேர், அதாவது சனத்தொகையில் 6 வீதத்துக்கும் மேல் என்று கண்டார்கள். அந்த நோயின் விசித்திரம் என்ன தெரியுமா? உலகெங்கும் அது 20 க்கும் 40 க்கும் இடைப்பட்ட திடகாத்திரமானவர்களை அதிகமாகக் கொண்டுபோனது. வயதுபோனவர்கள் ஒப்பீட்டளவில் தப்பினார்கள். அவர்கள் இளமையில் இதைப் போன்ற ஒரு காய்ச்சலைக் கண்டிருந்ததால் தப்பியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்த வருடத்தில் “நான் வாலிபன், எனக்கு ஒன்றும் வராது” என்று நினைத்தவர்கள்தான் ஏமாந்தார்கள். நூறு வருடம் கழித்து வந்த கொரோனா அதைத் தலைகீழாக்கியது. நோய் தன் ஆளைத் தானே தெரிவு செய்கிறது. நாம் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்று அது விசாரிப்பதில்லை.

இரண்டாவது, 1934-35 மலேரியா. நமது கிழக்கு, வன்னி, அநுராதபுரம் போன்ற உலர் வலயத்துக்கு மலேரியா பழகிய நோய். வருடா வருடம் வரும். ஆட்களைக் கொன்றாலும், தப்பியவர்களின் உடம்பில் ஓரளவு எதிர்ப்பையும் விட்டுப் போகும். கேகாலை, குருநாகல் பக்கமெல்லாம் ஆறு பெருகி ஓடும் இடங்கள். ஓடும் நீரில் மலேரியா நுளம்பு பெருகாது. அங்குள்ளவர்கள் தங்களை ஆரோக்கியமான பிரதேசத்து மக்களாக நினைத்ததில் தப்பில்லை. 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் நுளம்பு பெருகியது. சுமார் 15 இலட்சம் பேர் நோயில் விழுந்தார்கள். சுமார் 80,000 பேர் இறந்தார்கள். காய்ச்சலுக்குப் பழகிய உலர் வலயத்தைவிட, காய்ச்சலே தெரியாத அந்தப் பிரதேசம்தான் அதிகம் அடிபட்டது.

மூன்றாவது, ஒரு நாடே தன்னைப் பற்றித் தப்பாக நினைத்த கதை. 1946 முதல் நாடு முழுக்க டி.டி.டி. அடித்தார்கள். 1946 இல் ஆயிரம் பேருக்கு 20.3 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த வருடமே 14.3 ஆக இறங்கியது. 1963 இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். பதினேழு பேர்தான்! நாடு “நல்ல சுகம்” என்று சொல்லிக்கொண்டது. மருந்தடிப்பது நின்றது, கண்காணிப்பு தளர்ந்தது. 1967 அளவில் மலேரியா திரும்பி வந்தது. 1969 இல் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயாளிகள். மூத்தாப்பா வாலிபனாக இருந்தபோது மறுபடி நடுங்கியது அந்தக் காலத்தில்தான். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் விடாமல் உழைத்துத்தான் 2016 இல் உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழைப் பெற்றோம்.

அரசாங்கமும் நிபுணர்களும் சேர்ந்து செய்த அதே பிழையை ஒரு வயல்காரக் கிழவர் செய்தால், அவரை மட்டும் அறிவில்லாதவர் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சரி, 2020 க்கு வருவோம்.

மார்ச் நடுப்பகுதியில் பள்ளிவாசல்களில் ஜும்ஆவும் ஜமாஅத்தும் நின்றன. மார்ச் 20 அன்று நாடு முழுக்க ஊரடங்கு. மாதக் கடைசியில் அட்டுளுகம, அக்குறணை போன்ற நம் சமூகத்தின் ஊர்கள் முடக்கப்பட்ட செய்தி வந்தது. நமது மூத்தவர்களுக்கு ஐந்து நேரமும் பள்ளிக்குப் போவது தொழுகை மட்டுமல்ல, அதுதான் அவர்களுடைய உடற்பயிற்சி, செய்தித்தாள், சிநேகிதம், மரியாதை எல்லாம். பள்ளி மூடிய அன்று மூத்தாப்பா அஸருக்கு வுளூ எடுத்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பியதை நான் பார்த்தேன். அன்று பின்னேரம் முழுக்க அவர் பேசவில்லை.

“எனக்கி ஒண்டுமில்ல” என்ற வார்த்தைக்குள் இதுவும் இருக்கிறது. தன்னை வருத்தக்காரர் என்று ஒருவர் ஒத்துக்கொண்டால், அடுத்த நாளே வயலுக்குப் போக விடமாட்டோம், கடைக்கு விடமாட்டோம், கலியாணப் பேச்சுக்குக் கூப்பிட மாட்டோம். “நீங்க இருங்க வாப்பா, நாங்க பாத்துக்கொள்றம்” என்போம். நாம் பாசத்தில் சொல்வது அவர்களுக்கு ஓய்வு பெற்ற கடிதம் மாதிரிக் கேட்கிறது. அதனால் அவர்கள் சுகம் என்றே சொல்கிறார்கள். நம்மிடம் சொல்லிச் சொல்லித் தாங்களும் நம்பிவிடுகிறார்கள்.

மூத்தும்மா இதற்கு நேர்மாறு. அவர் எப்போதும் வருத்தக்காரி. பிரஷர், மூட்டுவலி, நெஞ்செரிவு எல்லாவற்றுக்கும் கிளினிக் கொப்பி வைத்திருப்பவர். அதனால் கொரோனா வந்ததும் முதல் ஆளாகக் கதவைப் பூட்டியது அவர்தான். வாசலில் சவர்க்காரமும் வாளியில் தண்ணீரும் வைத்தார். கொத்தமல்லி, இஞ்சி அவித்தார். வேது பிடித்தார். பேரப்பிள்ளைகளை முத்தமிடுவதைக்கூட நிறுத்தினார். இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே செய்தியைக் கேட்டவர்கள். ஒருவர் தன்னைப் பலசாலி என்று நினைத்தார், மற்றவர் தன்னைப் பலவீனமானவர் என்று நினைத்தார். தங்களைப் பற்றி நினைத்தபடியே நடந்துகொண்டார்கள்.

ஆனால் மூத்தும்மாவின் பயம்கூட ஓரிடத்தில் பிழைத்துப் போனது. அதற்குக் காரணம் அவரில்லை.

2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வர்த்தமானியில், கொரோனாவால் இறப்பவர்களின் உடல்களைத் தகனம் செய்ய வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தடி நீர் மாசுபடும் என்றார்கள். அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. டிசம்பரில் பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தையின் ஜனாஸா எரிக்கப்பட்டபோது நாடே அதிர்ந்தது. பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் எல்லா இனத்தவரும் வந்து வெள்ளைத் துணி கட்டினார்கள். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

அந்தப் பதினொரு மாதங்களில் நம் வீட்டு மூத்தவர்களின் மனதில் என்ன நடந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. நான் கண்டதைச் சொல்கிறேன். மூத்தும்மாவுக்கு ஒரு கிழமை காய்ச்சலும் இருமலும் இருந்தது. ஒவ்வொரு சின்ன வலிக்கும் கிளினிக் போகிறவர், அந்தக் கிழமை வாயைத் திறக்கவில்லை. தலையணைக்குள் முகத்தை வைத்து இருமினார். பி.எச்.ஐ. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அறைக்குள் போய்விடுவார். பிறகு என் உம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: “மௌத்துக்குப் பயமில்ல மகள். எரிச்சிப் போடுவானுகள் எண்டுதான் பயம்.”

தன்னை வருத்தக்காரி என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன ஒருவரை, “எனக்கி ஒண்டுமில்ல” என்று சொல்ல வைத்தது அந்த வர்த்தமானி. ஒரு மனிதர் தன் உடம்பைப் பற்றி வெளியே என்ன சொல்கிறார் என்பது உடம்பை மட்டும் பொறுத்ததல்ல. உண்மையைச் சொன்னால் தனக்கு என்ன நடக்கும் என்பதையும் பொறுத்தது. நோயை விடத் தண்டனை பெரிதாக இருந்தால் ஆட்கள் நோயை மறைப்பார்கள். அல்லாஹ்வின் காவல், அவருக்குச் சுகமாகிவிட்டது. அது கொரோனாவா, வெறும் தடுமலா என்று இன்றைக்கும் தெரியாது.

2021 பெப்ரவரி 25 அன்று அடக்கம் செய்ய அனுமதித்து வர்த்தமானி வந்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு நல்லது. ஆனால் தலையணைக்குள் இருமிய இருமல்களை அது திருப்பி எடுக்காது.

இனி தடுப்பூசி. 2021 ஜனவரி 29 அன்று இலங்கையில் முதல் ஊசி போடப்பட்டது. நமது பக்கத்துக்கு வர அந்த வருடத்தின் நடுப்பகுதியாகிவிட்டது. எங்கள் பாடசாலை மண்டபத்தில்தான் போட்டார்கள். பெயர் எழுதுவதற்கு ஆசிரியர்களான நாங்களும் மேசையில் இருந்தோம்.

முதல் நாளே மூத்தும்மா வந்தார். ஊசி போட முன்பு சட்டைக் கையைச் சுருட்டி, மேற்கையில் இருக்கும் பழைய தழும்பைத் தாதிக்குக் காட்டினார். “சின்னப் புள்ளையில அம்மைப்பால் குத்தின இடம் மகள். அப்பயும் எல்லாரும் பயந்தாங்க. எங்கட உம்மாதான் இழுத்துக்கொண்டு போனா.” அம்மைப்பால் குத்துவது இலங்கைக்கு வந்தது 1802 இல். உலகத்திலிருந்து பெரியம்மை ஒழிந்துவிட்டதாக அறிவித்தது 1980 இல். அந்த நீண்ட கதையின் ஒரு துண்டு எங்கள் மூத்தும்மாவின் கையில் வட்டமாக இருந்தது. அன்றைக்கு வரிசையில் தயங்கி நின்ற நாலைந்து பெண்கள் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். நான் சொன்ன எந்த விளக்கத்துக்கும் அவர்கள் உட்காரவில்லை.

மூத்தும்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தது மூத்தாப்பாதான். அவர் வேப்ப மரத்தடியில் கதிரை போட்டு இருந்தார். நான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

“எனக்கி ஒண்டுமில்ல மகன். எண்ட ஊசிய ஒரு வருத்தக்காரருக்குக் குடுங்க.”

உறவுகளே, அவர் ஊசிக்குப் பயந்து மறுக்கவில்லை. வதந்தியைக் கேட்டு மறுக்கவில்லை. தன்னைச் சுகதேகி என்று மனதார நம்பியதால், தன் பங்கை இன்னொருவருக்கு ஸதகாவாகக் கொடுத்தார். அந்த நல்ல மனதுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. “சரி, விருப்பமில்லாட்டி இருங்க” என்று சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பினேன். ஆட்கள் வரிசையில் நின்றார்கள், எனக்கு வேலை இருந்தது.

ஓகஸ்டில் டெல்டா வந்தது. ஓகஸ்ட் 20 இரவு நாடு மறுபடி முடங்கியது. அந்த வாரத்தில் மூத்தாப்பாவுக்கு மூச்செடுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தபோது அவருக்குச் சீனி வருத்தம் கடுமையாக இருப்பது தெரிந்தது. எத்தனை வருடமாக இருந்ததோ, அல்லாஹ்தான் அறிவான். ஒரு நாளும் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும், சுகமாகத்தானே இருந்தார்? ஒன்பதாவது நாள் வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஓட்டமாவடியில் அடக்கினோம். குடும்பத்தில் ஓரிருவருக்குத்தான் போக முடிந்தது, அதில் ஒருவன் நான். வரிசை வரிசையாகப் புதுக் கபுறுகள். ஒரு வருடத்துக்குள் அந்த மண் 3,600 க்கும் மேற்பட்ட உடல்களை ஏற்றது. இந்த நாடு கொரோனாவால் இழந்தது 16,800 க்கும் மேற்பட்டோரை. அவர்களில் பெரும்பாலானோர் 60 வயதைத் தாண்டியவர்கள்.

ஊசி போட்டிருந்தால் தப்பியிருப்பார் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். அஜல் அல்லாஹ்வின் கையில். ஆனால் நான் செய்யத் தவறிய ஒன்றை மறைக்கவும் மாட்டேன். அதை விளங்கப்படுத்த ஒரு பழைய சம்பவத்துக்குப் போக வேண்டும்.

ஹிஜ்ரி 18 இல் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. உமர் (ரழி) அவர்கள் படையோடு ஷாமுக்குப் போகும் வழியில், ஸர்க் என்ற இடத்தில் செய்தி கிடைத்தது. போவதா, திரும்புவதா? அவர்கள் முதலில் முஹாஜிர்களிடம் ஆலோசனை கேட்டார்கள், கருத்து இரண்டாகப் பிரிந்தது. அன்ஸாரிகளிடம் கேட்டார்கள், அங்கும் பிரிந்தது. கடைசியில் குறைஷிகளின் வயதில் மூத்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே குரலில், மக்களைக் கூட்டிக்கொண்டு திரும்புங்கள் என்றார்கள். அபூ உபைதா (ரழி) அவர்கள் இது அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதாகாதா என்று கேட்டதும், ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்று உமர் (ரழி) விளக்கியதும் நாம் ஜும்ஆ பயான்களில் கேட்ட விஷயம். ஆனால் அந்தச் சபையில் பாதுகாப்புக்காக ஒருமித்துக் குரல் கொடுத்தவர்கள் கிழவர்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

அந்த மூத்தவர்களிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. எங்கள் மூத்தாப்பாவிடம் நான் ஆலோசனை கேட்கவில்லை, பாடம் நடத்தினேன். அன்றைக்கு வேப்ப மரத்தடியில் நான் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, “மூத்தாப்பா, 68 இல முறைக்காய்ச்சல் திரும்பி வந்தப்ப என்ன நடந்தது? எல்லாம் போயிட்டுது எண்டுதானே நினைச்சீங்க?” என்று கேட்டிருக்கலாம். அவரே தன் வாயால் விடையைச் சொல்லியிருப்பார். “ஊரில ஆம்புளைகள் தயங்குறாங்க, நீங்க முதல்ல போட்டாத்தான் மத்தவங்க வருவாங்க, என்ன செய்வம்?” என்று கேட்டிருக்கலாம். சுனாமியில் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதர் அவர். தனக்காகப் போடாவிட்டாலும் பிறருக்காகப் போட்டிருப்பார். மூத்தும்மாவின் தழும்பு செய்ததை அவருடைய கையும் செய்திருக்கும்.

இனி ஒரு கொள்ளைநோய் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வராவிட்டாலும் டெங்கு இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, சீனி இருக்கிறது. ஆகவே மூன்று சின்ன விஷயங்கள்.

ஒன்று, வீட்டு மூத்தவர்களிடம் “சுகமா?” என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதற்கு “அல்ஹம்துலில்லாஹ்” என்றுதான் பதில் வரும், வரவும் வேண்டும். அதற்கு மேல் இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசியாக பிரஷர் பார்த்தது எப்போது? போன வருடம் நடந்த தூரத்தை இந்த வருடம் நிற்காமல் நடக்க முடிகிறதா? பிரஷரும் சீனியும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கலாம். நீங்களும் கூடப் போய் உங்களுக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். “உங்களுக்குப் பாக்கப் போவம்” என்றால் வரமாட்டார்கள். “எனக்குப் பாக்கணும், துணைக்கு வாங்க” என்றால் வருவார்கள்.

இரண்டு, வருத்தம் என்று சொன்ன மூத்தவரை மூலையில் உட்கார வைக்காதீர்கள். குளிசை எடுக்கிறவரிடமும் வயல் கணக்கைக் கேளுங்கள், கலியாணப் பேச்சுக்குக் கூட்டிப் போங்கள். உண்மையைச் சொன்னால் மரியாதை போகாது என்று தெரிந்தால் உண்மையைச் சொல்வார்கள்.

மூன்று, அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு. பள்ளி நிர்வாகமோ, சுகாதாரத் திணைக்களமோ, அரசாங்கமோ, மக்கள் நோயைச் சொல்ல வேண்டும் என்றால் சொன்னவரைத் தண்டிக்காதீர்கள். 2020 இல் நாம் படித்த பாடம் அது.

இப்போதும் சில நாட்களில் பின்னேரம் அந்த வேப்ப மரத்தடியைக் கடந்துதான் வீட்டுக்குப் போகிறேன். அன்றைக்கு என்னிடம் நேரம் இருக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஐந்து நிமிடம் பொறுத்திருப்பார்கள்.

யா அல்லாஹ், எங்கள் மூத்தாப்பாவினதும், அந்தக் காலத்தில் நம்மை விட்டுப் பிரிந்த எல்லோரினதும் கபுறுகளை விசாலமாக்குவாயாக. எரிக்கப்பட்ட ஜனாஸாக்களின் உரிமையாளர்களுக்குப் பொறுமையையும் நீதியையும் தருவாயாக. ஆமீன்.

உங்கள் வீட்டு மூத்தவர்கள் அந்த நாட்களில் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்று கீழே எழுதுங்கள். நம்மட பிள்ளைகள் வாசிக்கட்டும். அதற்கு முன்பு, பக்கத்து அறையில் இருக்கும் உங்கள் வாப்பாவிடமோ உம்மாவிடமோ போய்க் கொஞ்ச நேரம் இருங்கள். எழுதுவது நாளைக்கும் முடியும்.